குடும்பப் படங்களிலும் சூப்பர்ஹீரோ படங்களிலும் பால்புதுமையர்: எங்கள் மாடித் திரையில் பெற்றோர் கேட்ட கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே, வடகடலைப் பார்த்த ஒரு மீனவ ஊரில் டியூஷன் எடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்தே வரும். பிள்ளைகளும் சும்மா இருப்பார்கள், அப்பாமார்களும் வீட்டில் இருப்பார்கள். அந்த நாட்களில் சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போடுகிறேன். படம் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டே பெற்றோர்கள் கேள்வி கேட்பார்கள். சிலர் மறுநாள் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

எல்.ஜி.பி.டி. என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அது யார்? தமிழில் என்ன பெயர்?

ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், இருபாலரையும் விரும்பக்கூடியவர், பிறந்தபோது மற்றவர்கள் சொன்ன பாலினம் தன்னுடையதல்ல என்று அறிந்தவர், இவர்கள் எல்லாரையும் சேர்த்துக் குறிக்கும் எழுத்துகள் அவை. தமிழில் தன்பாலீர்ப்பு என்ற சொல் இருக்கிறது. திருநங்கை எல்லாருக்கும் தெரிந்த சொல். பெண்ணாகக் குறிக்கப்பட்டுப் பிறந்து ஆணாக வாழ்பவர் திருநம்பி. எல்லாரையும் ஒன்றாகச் சொல்லப் பால்புதுமையர் என்ற சொல் புழங்குகிறது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால், 2022-இல் தமிழக அரசே இத்தகைய சொற்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டது.

நம் தெருவில் புழங்கும் சொல் வேறு என்று எனக்குத் தெரியும். 'ஒம்போது' என்று கிரிக்கெட் விளையாடும் பையன்கள் கத்துவது என் மாடிவரை கேட்கிறது. நல்ல சொல் இல்லாத குறையால் கெட்ட சொல் பழகியது என்று இனி சொல்ல முடியாது. சொல் இருக்கிறது. நாம்தான் வாயில் போட்டுப் பழக வேண்டும்.

நாங்கள் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனில் இதெல்லாம் இல்லையே. இப்போது எதற்குப் புகுத்துகிறார்கள்?

இருந்தது. ஒளித்து வைத்திருந்தார்கள். 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டில் ஹேஸ் விதிகள் என்ற கட்டுப்பாடு நடப்பில் இருந்தது. தன்பாலீர்ப்பைத் திரையில் காட்டவே கூடாது என்பது அதில் ஒரு விதி. காமிக்ஸ் புத்தகங்களுக்கு 1954-இல் இதேபோல் ஒரு நெறிமுறை வந்து, 1989-இல்தான் இந்த விஷயத்தில் தளர்ந்தது. மார்வெல் காமிக்ஸில் நார்த்ஸ்டார் என்ற சூப்பர்ஹீரோ தான் தன்பாலீர்ப்பாளன் என்று வாய்விட்டுச் சொன்னது 1992-இல்.

வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலத்தில் எழுத்தாளர்கள் சாடையாகச் சொன்னார்கள். அந்தச் சாடை பெரும்பாலும் வில்லனிடமோ கோமாளியிடமோ போய் ஒட்டிக்கொண்டது. 1989-இல் வந்த கடற்கன்னிப் படத்தின் சூனியக்காரி அர்சுலாவை நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். எட்டுக் கை கணவாய் போல உடம்பை அசைத்துக்கொண்டு வருவாளே, அவள்தான். டிவைன் என்ற பெயரில் பெண்வேடம் கட்டிய ஓர் அமெரிக்கக் கலைஞரின் சாயலில் அவளை வரைந்தார்கள். அந்தப் படத்தின் பாடல்களை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் தன்பாலீர்ப்பாளர். எய்ட்ஸ் நோயால் 1991-இல் இறந்துபோனார். நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து ரசித்த பாட்டு அவர் எழுதியது. ஆகவே இவர்கள் நேற்று வந்து புகுந்தவர்கள் அல்லர். திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் திரைக்கு முன்னால் வருகிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு இது புதிதா என்ன? வள்ளி திருமணம் நாடகத்தில் ஆண்கள் ஸ்திரீபார்ட் கட்டி விடிய விடியப் பாடியதை நம் தாத்தாக்கள் மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

எந்தெந்தப் படத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது? முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

நியாயமான கேள்வி. நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

பெரும்பாலான படங்களில் கண் சிமிட்டும் நேரம்தான். 2019-இல் வந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் படத்தில், உலகில் பாதிப் பேர் மறைந்துபோன துக்கத்தைச் சிலர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அதில் பெயரில்லாத ஒருவர், இன்னொரு ஆணோடு வெளியே சாப்பிடப் போனதைச் சொல்வார். அவ்வளவுதான். அந்த வேடத்தில் நடித்தவர் படத்தின் இயக்குநர்களில் ஒருவரான ஜோ ருஸ்ஸோ. 2020-இல் வந்த ஆன்வர்ட் என்ற அனிமேஷன் படத்தில் ஒற்றைக்கண் பெண் போலீஸ் தன் காதலியின் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி பேசுவாள். 2017-இல் பியூட்டி அண்ட் தி பீஸ்ட் படத்துக்கு எழுந்த கூச்சலைப் பார்த்தால் என்னமோ ஏதோ என்று நினைப்போம். முடிவில் இரண்டு ஆண்கள் சில நொடி சேர்ந்து ஆடுகிறார்கள், அதற்குத்தான் அத்தனை சண்டை.

கொஞ்சம் கூடுதலாக இருப்பது 2021-இல் வந்த எட்டர்னல்ஸ். அதில் பாஸ்டோஸ் என்ற வீரன் கருவிகளைக் கண்டுபிடிப்பவன். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததும் தன் அறிவுதான் மனிதனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று உடைந்து அழுவான். மனிதர்கள் மேல் வைத்த நம்பிக்கை அன்றோடு போய்விடும். அதை மீட்டுக் கொடுப்பது அவன் கணவனும் சின்ன மகனும். அவன் மறுபடி சண்டைக்குப் புறப்படும்போது கணவன் ஒரு முத்தம் கொடுத்து அனுப்புகிறான். அதே படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் படுக்கையில் இருக்கும் காட்சி உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நான் நினைப்பது அந்தக் காட்சியைத்தான். ஆனால் அதைப் பற்றி ஒரு பெற்றோர்கூட என்னிடம் கேட்டதில்லை.

2022-இல் வந்த ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட் எனக்குப் பிடித்த படம். தாத்தா ஊர் சுற்றுபவர், அப்பா விவசாயி, மகன் ஈத்தன் இரண்டும் வேண்டாம் என்கிறான். அப்பன் தொழிலை மகன் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி நம் கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. படத்தில் அடிதடி அந்தக் கேள்விக்குத்தான். ஈத்தனுக்கு ஒரு பையன் மேல் ஆசை என்பதை வீட்டில் ஒருவரும் பிரச்சினை ஆக்குவதில்லை. கறார் பேர்வழியான தாத்தாவே அவனுக்கு யோசனை சொல்கிறார்.

ஒரு பாத்திரம் படத்தில் நிஜமாக இருக்கிறதா, பேருக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. வலையில் மிதவையை அறுத்துவிட்டால் வலை மூழ்கிப்போகும். வலையில் சும்மா கட்டிய ரிப்பனை அறுத்தால் ஒன்றும் ஆகாது. மேலே சொன்னவற்றில் முதல் மூன்றும் ரிப்பன். பாஸ்டோஸும் ஈத்தனும் மிதவை.

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அங்கே ஓடாத படத்தை இங்கே ஏன் பிள்ளைகளுக்குப் போடுகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு நான் நெடுநாள் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் கரை முழுக்க வளைகுடாப் பணத்தில் உலை வைக்கும் வீடுகள். அங்கே என்ன சட்டமோ அதற்குள் நம் ஆட்கள் வாழ்கிறார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

நடந்தது இதுதான். எட்டர்னல்ஸ் சவுதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் வெளியாகவில்லை. 2022-இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் ஒரு பெண் தனக்கு இரண்டு அம்மாக்கள் என்று சொல்லும் 12 நொடியை வெட்டச் சொன்னது சவுதி. டிஸ்னி மறுத்தது. படம் அங்கே வரவில்லை. அதே ஆண்டு ஜூனில் வந்த லைட்இயரைப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் போடவில்லை, ஐக்கிய அமீரகம் உட்பட. இந்தியாவில் அந்தப் படம் திரையரங்கிலேயே ஓடியது. வயதுவந்த இருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. திருமண உரிமை மட்டும் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் கிடைக்கவில்லை.

லைட்இயர் கதையைச் சொல்லியாக வேண்டும். பஸ் என்ற விண்வெளி வீரன் விண்கலத்தைச் சோதித்துப் பார்க்க மேலே போகிறான். அவனுக்கு நான்கு நிமிடம்தான் ஆகிறது. இறங்கி வந்தால் தரையில் நான்கு வருடம் ஓடிவிட்டது. விடாமல் திரும்பத் திரும்பப் போகிறான். ஒவ்வொரு முறை வரும்போதும் அவன் தோழி அலிஷாவுக்கு வாழ்க்கை நகர்ந்திருக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டது. பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை வளர்ந்துவிட்டது. தலை நரைத்துவிட்டது. ஒரு நாள் வந்து பார்க்கும்போது அவளே இல்லை. அலிஷாவின் இணை ஒரு பெண். இருவரும் வாசலில் வரவேற்பது போல ஒரு சின்ன முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். நாடுகள் மறுத்தது அந்த முத்தத்துக்காக.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து இறங்கி, தவழ்ந்த பிள்ளை நடப்பதையும் நடந்த பிள்ளைக்கு மீசை முளைத்ததையும் பார்த்து நிற்கும் மனிதர்களை நம்மைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் காட்சித் தொடர் சொல்வது அதைத்தான். தான் எதை இழந்தோம் என்று பஸ்ஸுக்குத் தெரிய வேண்டுமென்றால், அலிஷாவின் வீட்டில் அன்பு இருந்தது என்று நமக்குத் தெரிய வேண்டும். முத்தம் அதற்காக இருக்கிறது. அந்த வலியை அறிந்த அப்பாக்கள் வேலை பார்க்கும் ஊர்களில்தான் படம் ஓடவில்லை என்பது எனக்கு வருத்தம். உங்கள் வீட்டுக்காரர் விடுமுறையில் வரும்போது சொல்லுங்கள். அவருக்காக ஒருமுறை போடுகிறேன்.

இன்னொரு தகவலும் உண்டு. அந்த முத்தத்தைத் தயாரிப்பின்போதே எடுத்துவிட்டிருந்தார்கள். 2022 மார்ச்சில் பிக்ஸார் நிறுவனத்தின் ஊழியர்களே எதிர்த்துக் கடிதம் எழுதிய பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள்.

தமிழ் டப்பிங்கில் பார்த்தால் ஒன்றும் தெரியாதுதானே?

பல நேரம் தெரியாது. நம் மொழியின் மரியாதையே அதை மறைத்துவிடும். ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றிப் பேசினால் ஆணா பெண்ணா என்று உடனே தெரிந்துவிடும். தமிழில் 'அவர் அழுதார்' என்று சொன்னால் போதும், யாரென்றே தெரியாது. காதலி என்பதைத் தோழி என்று எழுதினால் கூடப் படித்தவள் ஆகிவிடுவாள். பார்ட்னர் என்றால் நம் ஊரில் படகில் பங்கு போட்டவர் என்று அர்த்தம். ஆன்வர்ட் படத்தின் ரஷ்ய வடிவத்தில் இதையேதான் செய்தார்கள். காதலி என்ற சொல்லை இணை என்று மாற்றி, அந்தப் பெண் போலீஸின் வாழ்க்கையை ஒரே சொல்லில் அழித்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நம் பெண்கள் கணவன் பெயரைச் சொல்லாமல் 'எங்க வீட்ல சொன்னாங்க' என்பார்கள். ஆண்களும் மனைவியை 'வீட்ல' என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் யாரும் இருக்கலாம். ஊருக்குத் தெரியாமல் இரண்டு பேர் ஒரு கூரையின் கீழ் வாழ இந்தச் சொல் எத்தனை வருடமாக இடம் கொடுத்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். அது பாதுகாப்பு. ஆனால் படத்தில் வெளிப்படையாகச் சொன்னதை நாம் 'அவர்' போட்டு மூடுவது பாதுகாப்பு இல்லை. அங்கே ஒரு பிள்ளை தன்னைப் போல ஒருத்தரைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

எண்ட்கேம் தமிழில் வந்தபோது அயர்ன்மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. அந்தப் படம் வந்தது 2019 ஏப்ரல் 26. அதற்கு நான்கு வாரம் முன்னால், மார்ச் 29 அன்று வந்த சூப்பர் டீலக்ஸில் அவர் ஷில்பா என்ற திருநங்கையாக நடித்திருந்தார். அதற்குத் தேசிய விருதும் வாங்கினார். உலகத்தைக் காப்பாற்றிய குரலும், மகனின் பள்ளிக்கூட வாசலில் கூனிக் குறுகி நின்ற உடம்பும் ஒரே மனிதருடையவை. பெரிய பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது மாடியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இதையெல்லாம் பார்த்தால் எங்கள் பிள்ளையும் அப்படி ஆகிவிடுமா?

ஆகாது. அதிகம் வந்த கேள்வி இது. பயத்தோடு கேட்பது தெரிவதால் பொறுமையாகவே சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் பிறந்த நாள் முதல் பார்ப்பது ஆணும் பெண்ணும் காதலிக்கும் படங்களை. டிவியில், பேருந்தில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில், கோயில் கொடையில் அந்தப் பாட்டுதான். படம் பார்த்துத்தான் ஒருவருக்கு ஈர்ப்பு வரும் என்றால், இத்தனை ஆயிரம் பாட்டுக்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு தன்பாலீர்ப்பாளர்கூட இருந்திருக்கக் கூடாது. இருக்கிறார்கள். யாரையும் பார்த்து அவர்கள் அப்படி ஆகவில்லை. பார்ப்பதற்கே யாரும் இல்லாமல்தான் வளர்ந்தார்கள்.

இது நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்துவிட்டது. 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதைத் தடைசெய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். தீர்ப்பு எழுதுவதற்கு முன், இதில் தனக்குப் புரிதல் போதவில்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஒரு நீதிபதியே தெரியாததைத் தெரிந்துகொள்ளப் போயிருக்கிறார். நாம் போவதில் என்ன குறைந்துவிடும்?

2003-இல் வந்த இரண்டாவது எக்ஸ்மென் படத்தில் ஒரு காட்சி. பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ளவர்களை அதில் மியூட்டன்ட் என்பார்கள். தனக்குப் பனி உண்டாக்கும் சக்தி இருப்பதை ஒரு பையன் அப்பா அம்மாவிடம் சொல்கிறான். அவன் அம்மா கேட்கிறாள்: மியூட்டன்டாக இல்லாமல் இருக்க முயற்சி பண்ணிப் பார்த்தாயா? அந்தக் கேள்வி எங்கிருந்து எடுத்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். தாயத்து கட்டியும் மந்திரித்தும் பார்த்த வீடுகள் நம் பக்கமும் இருக்கின்றன. அந்தப் பையன் தன் சக்தியால் தேநீரைக் கோப்பையிலேயே உறையவைத்துக் காட்டுகிறான். வேறென்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு காட்சியை மட்டும் ஓட்டிவிட்டுப் போடலாமே? யாருக்கும் சங்கடம் இருக்காது.

நான் அதைச் செய்திருக்கிறேன். லைட்இயரை முதல் தடவை போட்டபோது, பின்வரிசையில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள் என்பதற்காக அந்த முத்தம் வரும் இடத்தில் ரிமோட்டை அழுத்தினேன். பத்து நொடி. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். படம் முடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"டீச்சர், நடுவுல கொஞ்சம் ஓட்டிட்டீங்கல்ல?"

"நேரமாயிருச்சுப்பா" என்றேன்.

"பத்து செகண்டுதான் டீச்சர் அது" என்றான். அவன் ஏற்கெனவே போனில் பார்த்திருக்கிறான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒயரைச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தத் தடைக்காலம் முடியும்வரை அவன் மாடிக்கு வரவில்லை.

அவன் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை அன்றே இழந்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. பிள்ளைகளிடம் உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கிறவள், நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன். அடுத்த ஆண்டு அதே படத்தை வெட்டாமல் போட்டேன். அப்போது அவன் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டான்.

ஒரு காட்சியை ஓட்டும்போது அது வெட்கப்பட வேண்டியது என்ற பாடத்தைத்தான் நடத்துகிறோம். அந்தப் பாடம் மட்டும் ஒரே தடவையில் மனதில் பதிந்துவிடுகிறது.

நம் தமிழ்ப் படங்களே போதாதா? வெளிநாட்டுப் படம் எதற்கு?

தமிழ்ப் படங்களைத்தான் நம் பிள்ளைகள் முதலில் பார்க்கிறார்கள். அங்கேதான் என் கவலையும் இருக்கிறது. 2006-இல் வந்த வேட்டையாடு விளையாடு படத்தில் கொடூரக் கொலைகாரர்கள் இரண்டு பேரை அந்தச் சாடையோடுதான் காட்டினார்கள். 2015-இல் வந்த ஐ படத்தில் ஒரு திருநங்கைப் பாத்திரத்தைக் கேலிப்பொருள் ஆக்கியதற்குத் திருநங்கைகள் போராடினார்கள். பண்டிகைக்கு டிவியில் போடும் எத்தனையோ நகைச்சுவைக் காட்சிகளில் ஓர் ஆண் நளினமாக நடந்துவந்தாலே பின்னணியில் ஒரு கேலி இசை வரும். அதைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கிறோம். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று யாரும் கேட்பதில்லை.

2011-இல் வந்த காஞ்சனா வேறு மாதிரி. நம் கரையில் அந்தப் படம் பார்க்காத பிள்ளை இருக்க முடியாது. சரத்குமார் நடித்த காஞ்சனா, வீட்டை விட்டு விரட்டப்பட்ட திருநங்கை. அவரைத் தூக்கி வளர்ப்பது ஒரு முஸ்லிம் பெரியவர். காஞ்சனா இன்னொரு திருநங்கைப் பிள்ளையை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்கவைக்கிறார். அந்தப் பின்கதை வரும்போது மாடியில் பெண்கள் முந்தானையால் கண் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஊருக்கு அந்தப் படம் நல்லது செய்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் காஞ்சனாவுக்குச் சக்தி கிடைப்பது கொல்லப்பட்ட பிறகு. பேயாக வந்தால்தான் எல்லாரும் பயந்து கும்பிடுகிறோம். உயிரோடு இருந்தவரை அடிதான். பாஸ்டோஸ் வந்தது எனக்கு முக்கியமாகப் பட்டது இதனால்தான். அவன் உயிரோடு இருக்கிறான், சக்தியோடு இருக்கிறான், வீட்டுக்குப் போனால் மகன் காத்திருக்கிறான். படம் முடியும்போதும் அவன் சாகவில்லை. அப்படி ஒரு திருநங்கைப் பாத்திரத்தை, ஒரு மீனவக் குடும்பத்துப் பையனைத் தமிழில் யாராவது எழுதினால், அந்தப் படத்தை மாடியில் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து போடுவேன்.

ஏப்ரல் 15 நமக்குத் தடைக்காலம் தொடங்கும் நாள். தமிழ்நாட்டில் திருநங்கையர் தினமும் அதே நாள். 2008-இல் நலவாரியம் அமைத்ததன் நினைவாக அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். படகைக் கரையேற்றும் வேலையில் நம் யாருக்கும் அது நினைவிருப்பதில்லை.

எங்கள் மார்க்கம் இதை ஏற்காது. பிள்ளையை அனுப்பலாமா?

உங்கள் மார்க்கம் எதை ஏற்கும், எதை ஏற்காது என்று சொல்ல நான் ஆள் இல்லை. அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தப் பிள்ளை டியூஷனில் எனக்கு எப்போதும்போலத்தான். படத்தில் என்ன வருகிறது என்று முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். கீழக்கரைப் பக்கத்து உம்மா ஒருவர் என்னிடம் சொன்னதை மட்டும் சேர்க்கிறேன்: பிறரைப் பரிகாசம் செய்யாதீர்கள், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள் என்று குர்ஆனிலேயே இருக்கிறது. தன் மகன் அந்த ஒன்பது என்ற சொல்லைச் சொன்னால் வாயில் அடி விழும் என்றார். அவர் படத்துக்குப் பிள்ளையை அனுப்புவதில்லை. எனக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை.

'ரெண்டு ஆம்பளை ஏன் கட்டிக்கிட்டாங்க'ன்னு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

பிள்ளை கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு, 'அவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கும், சேர்ந்து ஒரே வீட்ல இருக்காங்க' என்றால் போதும். தலையாட்டிவிட்டு முறுக்கு கேட்கும். அதிகம் விளக்குவது பெரும்பாலும் நம் பதற்றத்தால்தான். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் சொற்களைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள், சட்டம் என்ன சொல்கிறது என்றும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லலாம். 'ச்சீ, இதெல்லாம் பேசக்கூடாது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு வேறு யாராவது அந்தப் பிள்ளையைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டாலும், இதெல்லாம் பேசக்கூடாது என்று அது வாயை மூடிக்கொள்ளும்.

எந்த வயதுக்கு எந்தப் படம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போது தணிக்கைச் சான்றிதழிலேயே யு.ஏ. 7+, 13+, 16+ என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். 2024 விதிகளில் வந்த ஏற்பாடு. அதைப் பாருங்கள். அடிதடியும் ரத்தமும் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். டெட்பூல் படங்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் போடமாட்டேன். அதன் இரண்டாம் பாகத்தில் இரண்டு இளம்பெண்கள் காதலர்களாக வருகிறார்கள், அது காரணமில்லை. தலை துண்டாகிப் பறக்கும் படம் அது.

டீச்சர், எனக்கு என் பிள்ளை மேலேயே சந்தேகம் இருக்கிறது. என்ன செய்வது?

சந்தேகம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள், மதினி. திருடியதாகச் சொன்னால்தான் சந்தேகம். பிள்ளையை உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். போனைப் பிடுங்கித் தேடாதீர்கள். அவசரப்பட்டுக் கல்யாணப் பேச்சு எடுக்காதீர்கள். அந்தப் பேச்சில் இன்னொரு வீட்டுப் பெண்ணோ பையனோ சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் டிவி பார்க்கும்போது இப்படிப்பட்ட ஒருவரை யாராவது கேலி செய்தால், பிள்ளை காதில் விழும்படி 'அவங்களும் மனுசங்கதானே, என்ன சிரிப்பு' என்று ஒரு தடவை சொல்லுங்கள். பிள்ளை அதைக் கேட்டுவைத்துக்கொள்ளும். சொல்ல வேண்டும் என்று தோன்றும் நாளில் உங்களிடம் வரும்.

மனது கலங்கினால், உங்களுக்கோ பிள்ளைக்கோ, 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவியை இலவசமாகத் தமிழிலேயே பெறலாம். பிள்ளையை யாராவது அடித்தாலோ மிரட்டினாலோ 1098. மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது மருத்துவம் இல்லை.

அடுத்து என்ன படம்?

நிமோனா. நினைத்த உருவத்துக்கு மாறக்கூடிய ஒரு பெண்ணும், செய்யாத கொலைக்குப் பழி சுமக்கும் ஒரு வீரனும் சேரும் கதை. அந்த வீரன் காதலிப்பது இன்னொரு வீரனை. இதை எடுத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோவையே 2021-இல் டிஸ்னி மூடியதால் பாதியில் நின்றுபோன படம் இது. வேறு ஆட்கள் எடுத்து முடித்து, 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ராட்சசி என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளையை ராட்சசி ஆக்குவதைப் பற்றியது. ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இரண்டு இடத்தில் பயம் வரலாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. கச்சான் காற்று வலுத்தால் வேட்டி நிற்காது, அப்போது கீழே கூடத்தில் போடுவேன். பாய் கொண்டுவாருங்கள். அப்பாமார்களும் வரலாம். போன ஆண்டு மாடிப்படியிலேயே நின்று பார்த்தவர்களுக்காக நான்கு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.